வாழைப்பழம் யாருக்கு நல்லது?



எங்கள் ஊர் முக்கூடலில் வாழைத்தார் தொங்காத டீக்கடை கிடையாது. டீ குடிக்கிறாரோ இல்லையோ, வருகிறவர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டுத்தான் நகர்வார். பீடிக்குப் பேர்போன ஊர் இது. வீட்டுப் பெண்கள் காலையில் பீடித்தட்டை மடியில் வைத்தால் சாயங்காலம்தான் இறக்கி வைப்பார்கள். மதியம் எழுந்து சோறு போட்டுச் சாப்பிட நேரமில்லாத நாளில் ஒரு டீயும் இரண்டு பழமும்தான் சாப்பாடு.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தையும் அப்படித்தான். ஒரு நாள் ரத்தப் பரிசோதனை செய்தபோது ரத்தம் மிகவும் குறைவு என்று வந்துவிட்டது. உடனே தெருவே வைத்தியம் சொல்ல ஆரம்பித்தது. "தினம் ஒரு செவ்வாழை தின்னு, ரத்தம் நல்லா ஊறும்" என்பதுதான் அதில் ஜெயித்தது. செவ்வாழை விலை உங்களுக்கே தெரியும். பீடிக் கூலியில் அத்தை ஆறு மாதம் விடாமல் வாங்கித் தின்றார். மறுபடி பார்த்தால் ரத்தம் அப்படியே இருக்கிறது, ஒரு புள்ளி கூட ஏறவில்லை.

வாழைப்பழம் நல்லது என்று ஊரே சொல்கிறதே, அப்புறம் ஏன் இப்படி? இதை யார், எப்போது, எதை வைத்துச் சொன்னார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட மருத்துவக் கதையை விட வரலாற்றுக் கதையாகவே விரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரேக்கர்களிடம் போவோம். அலெக்சாண்டர் இந்தியாவுக்குப் படையெடுத்து வந்தது கி.மு. 4-ஆம் நூற்றாண்டில். அந்தப் படையோடு வந்தவர்கள் பார்த்த மரங்களைப் பற்றிச் சொன்னதைத் தியோபிராஸ்டஸ் எழுதி வைத்தார். அதற்குச் சில நூறு ஆண்டுகள் கழித்து ரோமானியரான பிளினி தன் நூலில் அதை இன்னும் விரித்தார். இந்தியாவில் ஒரு மரம் இருக்கிறதாம். இலை பறவையின் இறக்கை போல மூன்று முழ நீளமாம். பழம் அவ்வளவு இனிப்பாம், ஒரு பழம் நாலு பேர் பசியாற்றுமாம். அங்குள்ள ஞானிகள் இதைத் தின்றே வாழ்கிறார்களாம். மரத்தின் பெயர் "பலா"வாம்! அதே போல இன்னொரு மரமும் உண்டாம். அதன் பழம் இன்னும் இனிப்பு, ஆனால் தின்றால் வயிற்றைக் கெடுத்துவிடும். அதனால் படையில் யாரும் அதைத் தொடக்கூடாது என்று அலெக்சாண்டர் ஆணை போட்டாராம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். இலையைப் பார்த்தால் வாழை. நாலு பேர் தின்னும் பழம், அதுவும் மரப்பட்டையிலிருந்தே வருகிற பழம் என்றால் அது நம் பலாவேதான். இரண்டு மரத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அறிஞர்களுக்குள் இதில் இன்னமும் சண்டை இருக்கிறது. ஆனால் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அது வாழைதான் என்று எடுத்துக்கொண்டார். ஹாலந்தில் ஒரு பணக்காரரின் கண்ணாடி வீட்டில் வாழை பூத்ததைப் பார்த்து 1736-ல் அதைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். பின்னால் பெயர் வைக்கும்போது ஒரு வாழைக்கு "சொர்க்கத்து வாழை" என்றும், இன்னொன்றுக்கு "ஞானிகளின் வாழை" என்றும் லத்தீனில் பெயர் சூட்டினார். ஏதேனில் ஆதாமும் ஏவாளும் தின்ற பழம் ஆப்பிள் இல்லை, வாழைதான் என்பது அவருடைய ஊகம்.

ஆக, வாழைப்பழத்தைப் பற்றி வெளியார் எழுதி வைத்த முதல் உடல்நலக் குறிப்பே குழப்பம். ஒரு மரம் ஞானியின் உணவு, அடுத்த மரம் சிப்பாயின் பேதி.

சரி, வாழை நமக்கு எங்கிருந்து வந்தது? பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் கூக் என்ற சதுப்பு நிலத்தைத் தோண்டியபோது, சுமார் 6,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழை பயிரிட்டதற்கான தடயம் கிடைத்தது. அந்தப் பக்கத்து வாழை மேற்கே வந்து, இந்தியப் பகுதியின் கொட்டை வாழையோடு கலந்தது. இன்று நாம் தின்னும் பூவன், ரசதாளி (எங்கள் பக்கம் கோழிக்கூடு என்போம்), ஏத்தன், மொந்தன், பேயன் எல்லாம் அந்தக் கலப்பில் வந்தவைதான். விதை கிடையாது. பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டுத்தான் இத்தனை ஆயிரம் வருடம் வந்திருக்கிறது. "வாழையடி வாழை" என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோமே, அது தாவரவியல்படியும் உண்மை.

தாமிரபரணிக் கரைக்கு வாழை பொருந்தியதற்குக் காரணம் தண்ணீர். வாழை ஒரு வருடப் பயிர், நடுவில் காய விடக்கூடாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் தண்ணீர் வாங்குகிற ஆறு நம்முடையது. பாபநாசத்தில் இறங்கியதிலிருந்து கடல் சேரும் வரை எட்டு அணைக்கட்டுகள். கன்னடியன், கோடகன், பாளையங்கால் என்று கால்வாய்கள். காரும் பிசானமும் நெல் விளைகிற வயலுக்குப் பக்கத்திலேயே அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வாழை நிற்கும்.

இங்கே ஒரு சின்ன விலகல். முக்கூடற் பள்ளு பாடப்புத்தகத்தில் வந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அது நம்ம ஊர் என்று மார்தட்டினோம். இல்லை நண்பர்களே. பள்ளில் வரும் முக்கூடல், திருநெல்வேலிக்குக் கிழக்கே சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு தாமிரபரணியில் சேருகிற இடம். ஆனாலும் அந்த நூலைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அதில் நெல் வகைகளின் பெயர்கள் வரிசை வரிசையாக வரும். நெல்லை வெறும் "நெல்" என்று சொல்லி விட்டுவிடாத மக்கள் அவர்கள். வாழையையும் அப்படித்தான் விடவில்லை.

என் ஆச்சியிடம் போய் "வாழைப்பழம் உடம்புக்கு நல்லதா ஆச்சி?" என்று கேட்டால் பதில் வராது. "எந்தப் பழம்ல?" என்று எதிர்க்கேள்விதான் வரும். அம்மை போட்டவனுக்குப் பேயன் பழம், குளிர்ச்சி. சளி பிடித்தவனுக்குக் கோழிக்கூடு ஆகாது. கைப்பிள்ளைக்கு ஏத்தம்பழத்தை அவித்து, நடுவில் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு மட்டிப்பழம் (இந்தப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது). மலம் இறங்காவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பூவன். வயிற்றோட்டம் என்றால் பழமே கூடாது, வாழைக்காயை அவித்துத் தின்ன வேண்டும். பூ, பிஞ்சு, காய், பழம், தண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குணம் சொல்வது சித்த மருத்துவத்தின் வழக்கம். பூவன் பிரம்மா, மொந்தன் முகுந்தன், பேயன் சிவன் என்று பழத்துக்குள் மும்மூர்த்தியையே அடக்கிய ஊர் நம்முடையது!

ஆச்சி சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. சளிக்கும் கோழிக்கூட்டுக்கும் என்ன பகை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் கவனித்தது அவர் கேட்ட கேள்வியை. எந்தப் பழம்? யாருக்கு? பழமா, காயா? இந்தக் கேள்விகள் காணாமல் போய், "வாழைப்பழம் நல்லது" என்ற ஒரே வாக்கியம் எப்போது வந்தது?

அது வந்தது கப்பலில். 1899-ல் அமெரிக்காவில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி தொடங்கியது. மத்திய அமெரிக்காவில் காடு காடாக ஒரே ஒரு வகை வாழையை நட்டு, குளிர்சாதனக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். அமெரிக்கர்களுக்கோ அந்தப் பழம் புதுசு. செரிக்காது, பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தவர்கள் நிறைய. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டாக்டர்களும் விஞ்ஞானிகளும் வாழைப்பழத்தைப் பாராட்டிச் சொன்னதையெல்லாம் தொகுத்து 1917-ல் ஒரு புத்தகம் போட்டது. இன்று "வாழைப்பழத்தின் 10 நன்மைகள்" என்று ஊர் முழுக்கச் சுற்றுகிற பட்டியல்களுக்கு இதுதான் மூத்த அண்ணன் என்று எனக்குப் படுகிறது. அதில் வகை என்ற பேச்சுக்கே இடமில்லை, விற்றது ஒரு வகைதானே. (இதே கம்பெனியின் தோட்டத் தொழிலாளர்கள் கொலம்பியாவில் வேலைநிறுத்தம் செய்தபோது, 1928 டிசம்பரில் ராணுவம் அவர்களைச் சுட்டுக் கொன்றது. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.)

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த கதை.

அந்தக் காலத்தில் சீலியாக் என்று ஒரு நோய் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. வயிறு உப்பும், கை கால் குச்சியாகும், ஓயாத வயிற்றோட்டம். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் 1924-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்துப் பிள்ளைகள். எட்டுப் பேருக்கு வாழைப்பழத்தை முக்கியமாக வைத்த உணவு கொடுத்தார். அந்த எட்டுப் பேரும் தேறிவிட்டார்கள். அது கிடைக்காத இரண்டு பேர் இறந்துபோனார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாழைப்பழ வைத்தியம் பல வருடம் கொடிகட்டிப் பறந்தது. சாகக் கிடந்த எத்தனையோ பிள்ளைகள் உண்மையாகவே பிழைத்தார்கள்.

ஆனால் அந்த உணவுத் திட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் ஹாஸ் நிறுத்தியிருந்தார்.

ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் ஏற்கனவே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அங்கே கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே பட்டினியில் வாடியபோது, சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்! பிறகு ரொட்டி வந்தது. பிள்ளைகள் மறுபடியும் விழுந்தார்கள். கோதுமைதான் குற்றவாளி என்று 1950-ல் தன் ஆய்வேட்டில் டிக்கே எழுதினார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அந்தப் பிள்ளைகளின் குடலை அரிக்கிறது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்படியென்றால் ஹாஸ் கொடுத்த வாழைப்பழம் எதையும் குணமாக்கவில்லை. வாழைப்பழம் உட்கார்ந்த இடத்தில் கோதுமை இல்லை, அவ்வளவுதான். இதில் கொடுமை என்னவென்றால், வாழைப்பழத்தால் நோயே போய்விட்டது என்று நம்பியதால், தேறிய பிள்ளைகளுக்குப் பிறகு பழையபடி ரொட்டி கொடுத்தார்கள். உள்ளே குடல் மறுபடி அரிக்க ஆரம்பித்தது. ஹாஸ் நல்ல மனிதர், பிள்ளைகளைக் காப்பாற்றியவர். அவர் பார்த்ததும் பொய்யில்லை. காரணத்தை மட்டும் தவறாகப் பிடித்துக்கொண்டார். டிக்கே சொன்ன பிறகும் அவர் அதை விடவில்லை.

எங்கள் அத்தையின் செவ்வாழைக்கு வருகிறேன். 100 கிராம் வாழைப்பழத்தில் இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம். நம் நாட்டுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்னது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனையையும் வாழைப்பழத்தில் எடுக்க வேண்டுமானால் தினம் பத்துக் கிலோ தின்ன வேண்டும். செவ்வாழை சிவப்பாக இருப்பதால் ரத்தம் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு தோலின் நிறம். அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. போதாக்குறைக்குக் கூடவே டீ. டீயில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தை தனி ஆள் இல்லை.

அப்போ வாழைப்பழம் சும்மாவா? அதுவும் இல்லை. பொட்டாசியம் 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், கூடவே பி6 வைட்டமின், கொஞ்சம் நார்ச்சத்து. வெயிலில் வேலை செய்கிறவனுக்கு உடனே தெம்பு. ஆனால் அதே பொட்டாசியம், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ஆபத்து. உடம்பால் அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோமே, அடுத்த முறை என்ன நோய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆச்சி ஜெயித்த இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டார். வங்காளதேசத்தின் டாக்காவில் ஒரு பெரிய வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உப்பு, சர்க்கரைக் கரைசலை உலகத்துக்குப் பரப்பியதில் முக்கியப் பங்கு அவர்களுக்கு உண்டு. அங்கே ரப்பானி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் நாள்பட்ட வயிற்றோட்டத்தால் வாடிய 62 ஆண் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அரிசி உணவோடு சிலருக்கு வேகவைத்த வாழைக்காய், சிலருக்குப் பெக்டின் என்ற நார்ப்பொருள், சிலருக்கு வெறும் அரிசி உணவு. முடிவு 2001-ல் வெளியானது. நாலாம் நாளில் வாழைக்காய் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய ஐந்துக்கு நாலு பேர் தேறியிருந்தார்கள். வெறும் அரிசி உணவில் இருந்தவர்களில் நாலில் ஒருவர் கூடத் தேறவில்லை. காயில் உள்ள மாவுச்சத்து சிறுகுடலில் கரையாமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறு அமிலங்களாக உடைக்கின்றன. அந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் திரும்ப இழுக்கின்றன. பழுத்துவிட்டால் அந்த மாவு சர்க்கரையாகிவிடும், இந்த வேலை நடக்காது. "பழம் கூடாது, காயைத் தின்னு" என்று பள்ளிக்கூடமே போகாத ஆச்சி சொன்னது இதைத்தான்.

வகை முக்கியம் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. பசிபிக் கடலில் மைக்ரோனேசியாவில் பொன்பெய் என்று ஒரு தீவு. அங்கே கராத் என்று ஒரு வாழை, சதை ஆரஞ்சு நிறம், பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம். இறக்குமதி அரிசியும் மாவும் வந்தபின் அதை மறந்துவிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு வந்தது. லோயிஸ் எங்ல்பெர்கர் என்ற பெண்மணி 1990-களின் கடைசியிலிருந்து அந்தப் பழத்தைத் தேடிப் பரிசோதித்தார். கண்ணுக்கு வேண்டிய கரோட்டின், கடையில் விற்கும் சாதாரண மஞ்சள் பழத்தைவிடப் பல பத்து மடங்கு இருந்தது. நம் ஏத்தம்பழத்தின் சதை மஞ்சளாக இருப்பதும் கரோட்டினால்தான். பிள்ளைக்கு ஏத்தன் என்று தேர்ந்தெடுத்தவர்கள் கரோட்டினைக் கண்டார்களா என்ன! ஆனாலும் சரியான பழத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

இந்த வகைகள் எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் கவலை. விதை இல்லாத பயிர் என்று மேலே சொன்னேன். தோட்டம் போனால் கன்று போச்சு, கன்று போனால் வகையே போச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்ததே, அப்போது ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழைத்தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது. திசு வளர்ப்புக் கன்று வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் எத்தனை வேண்டுமானாலும் வளர்த்துக் கொடுப்பார்கள். பேயனுக்கும் சக்கைக்கும் அப்படி யார் வளர்த்து வைத்திருக்கிறார்கள்? திருச்சியில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நாட்டு வகைகளைச் சேர்த்துப் பாதுகாக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே இருப்பது டீக்கடையில் தொங்குவதாகாது.

அத்தைக்கு இப்போது இரும்பு மாத்திரை. முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தி ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார், பக்கத்தில் ஒரு கொய்யாக்காய் (அதில் உள்ள வைட்டமின் சி, இரும்பை ஒட்ட வைக்கும்). போன முறை பார்த்தபோது ரத்தம் ஏறியிருந்தது. வாழைப்பழத்தை விட்டீர்களா என்று கேட்டேன். "அத ஏன்ல விடணும்? பசிக்குத் திங்கிறேன்" என்றார்.

இதை எழுதி முடிப்பதற்கு முன் நேற்று சாயங்காலம் எங்கள் தெரு முனையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கடைகளில் தொங்கும் தார்களை எண்ணிக்கொண்டே போனேன். பச்சைப்பழம், கோழிக்கூடு, கற்பூரவள்ளி, ஒரே ஒரு கடையில் செவ்வாழை. பேயன் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "யாருக்குத் தம்பி அம்மை போட்டிருக்கு?" என்று கேட்டார்.